பயனாளி பதிவறையில் இருந்தது தொடர்பாக

அனுப்புநர்
இளநிலை உதவியாளர் (முதல் குழு),
மாவட்ட அலுவலகம் ஒன்று.

பெறுநர்
ஊரடங்கு வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தளிக்கும் உயர் அலுவலர் அவர்கள்,
தலைமையிடம்.
(உரிய வழியாக)

ஐயா,

பொருள்: பணியமைப்பு – கொரோனா ஊரடங்குக் காலத்தில் பணிக்குத் திரும்பியது – நான்கு வயதுக் குழந்தையைப் பதிவறையில் அமர்த்தியது – விளக்கம் கோரப்பட்டது – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

பார்வை:
1. மத்திய உள்துறை அமைச்சக ஆணை, நாள் 15.04.2020.
2. மேற்படி அமைச்சக ஆணை, நாள் 01.05.2020.
3. 50 விழுக்காடு பணியாளர்களுடன் அலுவலகங்கள் இயங்குவது குறித்த மாநில அரசின் ஆணை, மே 2020.
4. எங்கள் அலுவலகக் குறிப்பாணை.
5. என் அம்மாவின் தொலைபேசிப் பேச்சு.

பார்வை 4-இல் காணும் குறிப்பாணையில், "அலுவலகத்தோடு தொடர்பில்லாத நபர் ஒருவரைப் பதிவறையில் அனுமதித்தது ஏன்?" என்று என்னிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது. கேட்டவர் எங்கள் அலுவலகத் தலைவர். அவர் மேலிருந்து வந்த ஆணையைத்தான் நடத்துகிறார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆணை வகுத்த இடத்துக்கே விளக்கம் வந்து சேர்வது முறை என்பதால் தங்களுக்கு எழுதுகிறேன்.

மேற்படி நபருக்கு வயது நான்கு. பணி எதுவும் ஒப்படைக்கப்படவில்லை. உறவுமுறை: மகள்.

பார்வை 3-இல் கண்ட ஆணைப்படி 2020 மே 18 முதல் அலுவலகம் வாரத்தில் ஆறு நாளும் நடக்கிறது. திங்கள், செவ்வாய் முதல் குழு. புதன், வியாழன் இரண்டாம் குழு. வெள்ளி, சனி மறுபடி முதல் குழு. ஏற்பாட்டில் குறையில்லை. ஆனால் என் கணவரும் அரசுப் பணியாளர், வேறு துறை. அங்கேயும் அவர் முதல் குழு. ஆகவே இருவரும் ஒரே நாளில் கிளம்புகிறோம், ஒரே நாளில் வீட்டில் இருக்கிறோம். போகும் நாளில் குழந்தைக்கு ஆளில்லை. இருக்கும் நாளில் ஒரு குழந்தைக்கு இரண்டு ஆள். சராசரி எடுத்தால் எந்நாளும் ஒரு குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு பெரியவர் கணக்கில் வருகிறார். புள்ளிவிவரப்படி எங்கள் வீட்டில் பிரச்சினையே இல்லை. குழந்தைக்குத்தான் இன்னும் சராசரி சொல்லித்தரப்படவில்லை.

குழு மாற்றிக் கேட்க என் கணவர் தம் கண்காணிப்பாளரிடம் போனார்.

"ஏம்ப்பா, வீட்டுக்காரம்மா இருக்காங்கல்ல?"

"அவங்களும் ஆபீஸ் வராங்க சார்."

"அப்ப உங்க அம்மா?"

"அவங்க தவறிட்டாங்க சார்."

"சரி, மாமியார்?"

கேள்வி ஒவ்வொரு பெண்ணாகத் தேடிக்கொண்டு மாவட்ட எல்லைவரை போனது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாள் கேட்டு எதிரில் நின்ற ஆளிடம் மட்டும் வந்து சேரவில்லை.

மாமியார், அதாவது என் அம்மா, அடுத்த மாவட்டத்தில் இருக்கிறார். வயது 67. அவர் மாவட்டம் தாண்டி வர இ-பாஸ் என்னும் அனுமதி வேண்டும். இ-பாஸுக்கு விண்ணப்பிக்கத் திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம் போன்ற காரணங்கள் இருக்கின்றன. பேத்தியைப் பார்த்துக்கொள்வது அந்தப் பட்டியலில் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். கல்யாணம் செய்துகொள்ளவோ, செத்துப்போகவோ, ஆஸ்பத்திரியில் படுக்கவோ இந்த மாதம் தனக்குச் சௌகரியப்படாது என்று சொல்லிவிட்டார் (பார்வை 5).

அவர் வந்திருந்தாலும் விதிமீறல்தான். 65 வயதுக்கு மேற்பட்டோர், இணைநோய் உள்ளோர், கர்ப்பிணிகள், 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோர் அத்தியாவசியத் தேவைக்கும் மருத்துவத் தேவைக்கும் தவிர வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்கிறது பார்வை 2. இந்த வயதுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பத்துக்குக் கீழே வீட்டில். அறுபத்தைந்துக்கு மேலே வீட்டில். நடுவில் இருப்பவர்கள் அலுவலகத்தில். அப்படியானால் பகல் முழுவதும் வீட்டில் மிஞ்சுவது பேத்தியும் பாட்டியும். நோய் தொற்றிவிடாமல் பெரியவர்களைச் சிறு பிள்ளைகளிடமிருந்து சற்றுத் தள்ளியே வையுங்கள் என்று நமக்குச் சொல்லப்பட்ட அதே இருவர்.

பெற்ற தாயோடு இருப்பது குழந்தையின் அத்தியாவசியத் தேவையில் அடங்குமா என்பதற்குத் தெளிவுரை வழங்க வேண்டுகிறேன். அடங்கும் என்றால் அவள் பதிவறைக்கு வந்தது விதிப்படி சரி. அடங்காது என்றால், நான் அவளைத் தனியே விட்டுவிட்டு வருவதும் விதிப்படி சரி. எப்படியும் விதி காப்பாற்றப்பட்டுவிடுகிறது.

எங்களை யாருமே நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்வை 1-இல் எங்களுக்கு ஒரு வரி இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோரை வீட்டிலிருந்தே வேலை செய்ய ஊக்குவிக்கலாம் என்ற அளவில், கட்டாயம் எதுவும் இல்லாமல், அடக்கமாக இருந்தது. பதினாறு நாள் கழித்து வந்த பார்வை 2-இல் அதைத் தேடினேன். கதவுக் கைப்பிடிகளை அடிக்கடி துடைக்க வேண்டும் என்ற வரி இருக்கிறது. அடுத்த வரியில் குழந்தை வருகிறாள், வீட்டில் இருக்க வேண்டும் என்ற உத்தரவோடு. அவளைப் பெற்றவர்களைக் காணவில்லை. கைப்பிடியைத் துடைக்க ஓர் ஆள் உண்டு. குழந்தையின் மூக்கைத் துடைக்க யார் என்பது விடுபட்டிருக்கிறது.

அங்கன்வாடியில் விட்டிருக்கலாமே என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். அதற்கும் பார்வை 1-இல் பதில் உண்டு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை உணவுப் பொருளை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், பயனாளிகள் அங்கன்வாடிக்கு வரக் கூடாது. என் மகள் பயனாளி என்று எனக்கு அப்போதுதான் தெரியும். அங்கன்வாடி அம்மா மாவுப் பொட்டலத்தோடு வாசலுக்கு வந்தபோது, முதல் குழு அலுவலகத்திலும் பயனாளி பதிவறையிலும் இருந்தபடியால் வாங்க ஆளில்லை.

காப்பகம் பற்றியும் சட்டம் பார்த்தேன். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-ஆம் பிரிவு சொல்லிவிட்டது. 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றது பேறுகாலப் பயன் சட்டத்துக்கு 2017-இல் வந்த திருத்தம். இவை எங்கள் அலுவலகத்துக்குப் பொருந்துமா என்று கேட்டு யாரும் கோப்பு தொடங்கியதில்லை. காப்பகங்களை மூடச் சொல்லி ஆணை வந்தால் அதை உடனே நிறைவேற்றுவதில் எங்களுக்குச் சிரமமே இருக்காது, திறந்திருந்தால்தானே மூடுவதற்கு.

குறிப்பாணையில் காணும் மற்றொரு குற்றச்சாட்டு, மேற்படி நபர் அலுவலக முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பது. பதிவறையில் அவள் சத்தம் போடவில்லை, அழவில்லை. மேசைமேல் இருந்த 'அவசரம்' முத்திரையை எடுத்து, கைக்கு எட்டிய கோப்பில் எல்லாம் குத்திவைத்தாள். அவற்றில் ஓய்வூதியர் ஒருவரின் பழைய மனுவும் ஒன்று. பல ஆண்டுகளாகத் தட்டைவிட்டு இறங்காத அந்தக் கோப்பு அன்று மாலைக்குள் மூன்று மேசை தாண்டியது. இதைக் குற்றமாகக் கருதுவதா, பாராட்டுச் சான்றுக்குப் பரிந்துரைப்பதா என்பதைத் தங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

கைப்பேசியைக் கொடுத்து வீட்டிலேயே உட்காரவைத்திருக்கலாம் என்பார்கள். வீட்டில் நல்ல கைப்பேசி ஒன்றுதான். எல்லாப் பணியாளரும் தொற்று அபாயம் காட்டும் ஆரோக்கிய சேது செயலி வைத்திருப்பதைப் பார்வை 2 கட்டாயமாக்கியதால் அந்தக் கைப்பேசி என்னோடு அலுவலகம் வந்துவிடுகிறது. நான் பாதுகாப்பாக இருக்கிறேன் என்று செயலி காட்டுகிறது. நான்கு வயதுக்காரி பாதுகாப்பாக இருக்கிறாளா என்று காட்டும் செயலி எதுவும் கட்டாயமாக்கப்படவில்லை.

எங்களுக்காவது குழு என்று ஒன்று உண்டு. செவிலியர்களும் தூய்மைப் பணியாளர்களும் ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25-லிருந்தே வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைதட்டினோம், பூத் தூவினோம். அவர்கள் வேலைக்குப் போன நேரத்தில் அவர்களுடைய பிள்ளைகள் யாரிடம் இருந்தார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஐயா, ஒன்று மட்டும் விளங்குகிறது. ஒவ்வோர் ஆணையும் எழுதப்படும்போது, எழுதுகிறவரின் வீட்டில் ஒரு பெண் இருந்திருக்கிறாள். அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதால்தான் ஆணையை முழுதாக எழுதி முடிக்க முடிந்தது. எல்லார் வீட்டிலும் அப்படி ஒருத்தி இருப்பாள் என்ற நம்பிக்கையில்தான் ஆணை நடக்கிறது. அவளுக்குப் பணியிடம் இல்லை, ஊதியம் இல்லை, வருகைப் பதிவேட்டில் பெயரும் இல்லை. அவள் ஒருநாள் வராவிட்டால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை மட்டும் இன்னொரு பெண்ணுக்கு வருகிறது.

இந்த நம்பிக்கையை முறைப்படுத்த, வீட்டுக்கு ஒன்றாகத் தற்காலிகப் பணியிடம் தோற்றுவிக்கலாம். பதவியின் பெயர்: பாட்டி. வயது 65-க்குள். இணைநோய் கூடாது. அதே மாவட்டத்தில், கூடுமானால் அதே தெருவில் வசிப்பவராக இருத்தல் வேண்டும். சொந்தக் கைப்பேசி உள்ளவருக்கு முன்னுரிமை. ஊதியம் வழக்கம்போல் இல்லை.

அது இயலாதெனில், கீழ்க்காணும் எளிய கோரிக்கைகளைப் பரிசீலிக்கலாம்:

1. 'இதனால் அரசுக்கு ஏற்படும் கூடுதல் செலவு' என்ற பத்தி இல்லாமல் எந்தக் கோப்பும் நிதித் துறையைத் தாண்டாது. அதேபோல, ஆட்களை வேலைக்கு அழைக்கும் எந்த ஆணையும் 'அந்நேரம் குழந்தையோடு இருப்பவர் யார்' என்ற பத்தி இல்லாமல் கையொப்பத்துக்குப் போகக் கூடாது.

2. கணவனும் மனைவியும் பணியாளர்களாக இருந்தால் அவர்களை வெவ்வேறு குழுவில் போட வேண்டும். இதற்குப் பணச் செலவு இல்லை. இரு அலுவலகங்கள் ஒருமுறை தொலைபேசியில் பேசிக்கொண்டால் போதும்.

3. ஏப்ரல் ஆணையில் இருந்து, மே ஆணையில் காணாமல்போன அந்த ஒரு வரியைத் திரும்பச் சேர்க்க வேண்டும், இம்முறை கட்டாயமாக. பெற்றோர் என்ற சொல்லில் அப்பாவும் உண்டு என்பதைக் கண்காணிப்பாளர்களுக்குத் தனிச் சுற்றறிக்கை மூலம் தெரிவிக்க வேண்டும்.

ஆணை கிடைக்கும்வரை, மேற்படி நபர் முதல் குழுவின் நாள்களில் பதிவறைக்கு வந்துகொண்டிருப்பார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இளநிலை உதவியாளர்.

நகல்:
1. என் அம்மா – தகவலுக்காக.
2. என் கணவரின் கண்காணிப்பாளர் – கேட்க மறந்த கேள்விக்காக.
3. குழந்தையின் அப்பா – தகவலுக்காக அல்ல, உரிய நடவடிக்கைக்காக.