முன்குடியிருந்த பூனை: ஓர் அட்லாண்டா மடல்

அட்லாண்டா, ஜார்ஜியா மாநிலம்
ஆனி மாதம்

கும்பகோணத்திலிருக்கும் பெரியப்பா அவர்களுக்கு,

அமெரிக்க வீடுகளில் கார்ப்பெட் எனப்படுவது, கல்யாண மண்டபத்தில் விரித்து மறுநாள் சுருட்டி வாடகைக் கடைக்குத் திருப்பி அனுப்பும் ஜமக்காளம் போன்றதன்று. அறையின் நான்கு ஓரங்களிலும் கூரிய ஆணிகள் பதித்த மரச்சட்டங்களை அடித்து, அவற்றில் மாட்டி, சுவருக்குச் சுவர் இழுத்து இறுக்கப்பட்டு, வீட்டின் உறுப்பாகவே ஆகிவிட்ட துணித்தரை அது. அதைக் கழற்றி அலசவோ மாடியில் உலர்த்தவோ இயலாது என்பதோடு, அறைக்குள் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டித் தள்ளிவிடுவதற்கு ஜலதாரையும் கிடையாது. பிராணி எதுவும் வளர்க்காத இவ்வாடகை வீட்டில் பூனை வாடை வருவது எப்படி என்று பெரியப்பா தொலைபேசியில் எழுப்பிய ஐயத்துக்கு விடை இத்துணித்தரையின் அமைப்பிலேயே இருப்பதால், அதனைச் சற்று விரிவாகவே காண வேண்டியுள்ளது.

இத்துணித்தரைக்கு ஒரு தலைநகரமும் உண்டு. அட்லாண்டாவிலிருந்து வடமேற்கே காரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சென்றடையக்கூடிய டால்டன் என்னும் அவ்வூரின் அருகே, கேத்தரின் எவன்ஸ் என்ற பண்ணை வீட்டுப் பெண், 1895ஆம் ஆண்டில், பருத்தி நூலைக் கொத்துக் கொத்தாகத் துணியில் கோத்து, நுனிகளை வெட்டிவிட்டு, துணியை வெந்நீரில் சுருங்கவைத்து நூல்களை இறுக்கும் முறையில் ஒரு படுக்கை விரிப்பைச் செய்தார். 1900இல் அத்தகைய விரிப்பு ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றார். பிறகு வட்டாரமே அத்தொழிலில் இறங்கியது. 41ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓரத்துக் கொடிகளிலெல்லாம் மயில் உருவம் போட்ட விரிப்புகளே தொங்கியமையால், அச்சாலைக்கு மயிலின் பெயரிலேயே ஒரு பட்டப்பெயர் ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதே தையலை அகன்ற இயந்திரங்களில் ஏற்றி, நைலான் இழையைக் கோத்து, கார்ப்பெட்டாக உருளை உருளையாக இறக்கத் தொடங்கினர். கட்டிலின்மேல் மயிலுக்கு இடமாக இருந்த துணி இவ்வாறு தரைக்கு இறங்கியதே பூனைக்குக் கிடைத்த வாய்ப்பு எனலாம்.

கார்ப்பெட்டின் மேற்பரப்பில் தெரிவது நைலான் இழைகள் மட்டுமே. அவற்றைத் தாங்கும் வலைத்துணி ஒன்றும், லேட்டக்ஸ் பசையால் அதனுடன் ஒட்டப்பட்ட மற்றொரு வலைத்துணியும் அடியில் உள்ளன. அவற்றுக்கும் கீழே, கழிவு ஃபோம் துண்டுகளை அழுத்திச் செய்த, ‘பேட்’ எனப்படும் மெத்தை கிடக்கிறது. அதற்கும் கீழே இருப்பது வீட்டின் உண்மையான தரையாகிய ப்ளைவுட் பலகை. மேலே விழும் நீர் இழைகளின் வழியே இறங்கி, பேடை அடைந்ததும் பக்கவாட்டில் பரவுகிறது. ஆதலால் மேலே உள்ளங்கை அகலத்தில் தெரியும் ஈரம் உள்ளே சாப்பாட்டுத் தட்டின் அகலத்தைப் பெற்றிருக்கும். மேற்பரப்பைத் துடைப்பவர் துடைப்பது கறையின் உச்சியை மட்டுமே என்பதும், எஞ்சியது அவருடைய காலுக்குக் கீழேயே பத்திரமாக இருக்கிறது என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

வாடையின் தோற்றம் படிப்படியாக நிகழ்வது. புதிய பூனைச் சிறுநீர் சற்றே அமிலத்தன்மை உடையது. அதன் வாடையும் அவ்வளவு கடுமையானதன்று. ஆனால் அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது, மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வெளிப்பட, கறை காரத்தன்மைக்கு மாறுகிறது. இது பாலூட்டிகளுக்கெல்லாம் பொதுவான முதற்கட்டம். பூனைக்கென்றே உரிய இரண்டாம் கட்டம், ஃபெலினின் என்னும் கந்தகம் கலந்த அமினோ அமிலத்தால் விளைவது. இச்சேர்மம் தன்னளவில் வாடையற்றது. மெல்லச் சிதைந்து, தயோல் எனப்படும், கந்தகமும் ஹைட்ரஜனும் இணைந்த நுனியைக் கொண்ட சேர்மங்களாக மாறியபின்னரே வீட்டார் அதனை அறிகின்றனர். இந்த ஃபெலினின் உருவாவதைப் பூனையின் சிறுநீரிலுள்ள காக்ஸின் என்ற புரதம் நெறிப்படுத்துகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் விளக்கினர். கருத்தடை செய்யப்படாத ஆண் பூனையிடம் ஃபெலினின் மிகுதி. முன்பு இவ்வீட்டில் குடியிருந்தது எத்தகைய பூனை என்பதற்குப் பதிவேடு எதுவும் இல்லையாயினும், வாடையின் தரத்தைக் கொண்டு அது ஆண் என்றும், தன் உரிமைகளில் சிறிதும் விட்டுக்கொடுக்காத ஆண் என்றும் துணியலாம்.

கந்தகச் சேர்மங்களைப் பற்றித் தமிழ்க் குடும்பம் எதுவும் குறைகூறும் நிலையில் இல்லை என்பதையும் இவ்விடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏனெனில் பெருங்காயத்தின் மணமும் கந்தகச் சேர்மங்களாலேயே அமைந்தது. சாவின்யோன் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சை மதுவின் மணத்திற்குக் காரணமான தயோல்கள் பூனை வாடைக்கு மிக நெருங்கிய உறவினர். மதுச் சுவைஞர்கள் அவ்வாடையைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அதற்காகக் கூடுதல் விலையும் கொடுக்கின்றனர். ஆகவே பக்கத்து வீட்டு அமெரிக்கர் இரசம் தாளிக்கும் நேரத்தில் சன்னலைச் சாத்துவதும், அவர் மாலையில் ஏந்தும் கோப்பையை இவ்வீட்டுப் பாட்டி ஐயத்துடன் முகர்ந்து பார்ப்பதும் ஒரே வேதியியலின் இரு பக்கங்களாம்.

காய்ந்துபோன கறை ஏன் மீண்டும் மீண்டும் எழுகிறது என்பதே அடுத்த வினா. உலர்ந்த சிறுநீரிலுள்ள உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையவை. ஜார்ஜியாவின் கோடையோ புழுக்கமும் ஈரமும் கலந்து அடிக்கடி பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது. மழை வருமுன்னரே கூடத்து மூலை அதை அறிவித்துவிடுவதால், இவ்வீட்டுக் குழந்தைகள் வானிலை அறிக்கை பார்ப்பதையே விட்டுவிட்டனர். துப்புரவுப் பொருள் விற்போர் இதற்கெல்லாம் யூரிக் அமிலமே காரணம் என்று புட்டியின்மேல் அச்சிட்டு விற்கின்றனர். யூரிக் அமிலம் தண்ணீரில் மிக அரிதாகவே கரையும் என்பது உண்மையே. எனினும் நாயும் பூனையும் அதில் பெரும்பகுதியை அலன்டாயின் என்னும் எளிதில் கரையும் பொருளாக மாற்றியே வெளியேற்றுகின்றன. அவ்வாறு மாற்ற இயலாமல் யூரிக் அமிலத்தை மிகுதியாகக் கழிப்போர் மனிதரும் புள்ளிபோட்ட டால்மேஷியன் நாயுமே. ஆகவே புட்டியிலுள்ள விளம்பரம் பூனையை நோக்கிச் சொல்லும் குற்றச்சாட்டு, பாதியளவேனும் மனிதனுக்கும் டால்மேஷியனுக்குமே பொருந்துவது.

கறையின் இருப்பிடத்தை மூக்கால் கண்டறிய முயல்வது, தரையில் தவழ்ந்து திரியும் பெரியவர்களைப் பற்றி அண்டை வீட்டார் தவறான முடிவுக்கு வரக் காரணமாகும். அதற்கெனப் புற ஊதா விளக்கு உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துப் புற ஊதாக் கதிரை மட்டும் விடும் கண்ணாடியை 1903இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் உருவாக்கினார். கும்மிருட்டில் இவ்விளக்கைப் பிடித்தால் பழைய சிறுநீர்க்கறை மங்கிய மஞ்சட்பச்சையாக ஒளிர்கிறது. தமிழர் வீட்டில் இச்சோதனைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருளும் அதே விளக்கில் அதே மஞ்சட்பச்சையாக ஒளிர்வதே அது. சாப்பாட்டு மேசையின் அடியில் தொடங்கி, சமையலறை வாசலைத் தாண்டி, சுவாமி அலமாரி வரைக்கும் சொட்டுச் சொட்டாக ஓர் ஒளிப்பாதை தோன்ற, இத்தனை பக்தியுள்ள பூனை உலகில் இருக்குமா என்ற வியப்பு எழுந்தது. அருகில் சென்று முகர்ந்தபின்னரே, அப்பாதையை இட்டது பூனையன்று, சாம்பார்க் கரண்டியும் மஞ்சள் கிண்ணமுமே என்பது தெளிவாயிற்று. பூனையின் உண்மையான கையெழுத்து கூடத்தின் இரண்டு மூலைகளிலும் அலமாரியின் அடியிலும் மட்டுமே காணப்பட்டது.

வாசனைத் தெளிப்பான்களைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. அவற்றுள் சற்று அறிவார்ந்தது 1998இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த ஃபெப்ரீஸ். மாவுப்பொருளிலிருந்து செய்யப்படும், வளைய வடிவான சைக்ளோடெக்ஸ்ட்ரின் மூலக்கூறு அதில் உள்ளது. அது வாடை மூலக்கூறுகளைத் தன் குழிவுக்குள் பிடித்துவைத்துக்கொள்கிறது. மேலே தெளிப்பது பேடுக்குள் இறங்காது என்னும் இடர் அதற்கும் உண்டு. சாம்பிராணியைப் பொறுத்தவரை, பூனை வாடையோடு சாம்பிராணி வாடையும் சேர்ந்து இரண்டானதுமன்றி, கூரையிலுள்ள புகை எச்சரிக்கைக் கருவி அலறி, தீயணைப்பு வண்டி வரக்கூடும் என்ற அச்சத்தில் குடும்பமே துண்டை வீசிப் புகையை விரட்ட நேர்ந்ததுதான் கண்ட பலன். இவற்றைவிட மலிவான வாசனைத் தெளிப்பான் மூக்கின் பழக்கமே ஆகும்: ஒரே வாடையில் சில நிமிடங்கள் இருந்தால் மூக்கு அதனைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுகிறது. பூனை வளர்ப்போர் வீட்டில் வாடையே இல்லை என்று மனமார உறுதியளிப்பதும், விருந்தினர் காபியை விரைவாகக் குடித்துவிட்டு எழுவதும் இதனாலேயே.

வீட்டிலிருக்கும் பொருள்களுள் வினிகர், காரமான அம்மோனியாவை நடுநிலைப்படுத்துவதால் ஓரளவு உதவும். ஆப்பசோடா புளித்த வாடைகளை ஈர்க்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு, தயோல்களை ஆக்சிஜனேற்றி அவற்றின் வாடையைக் கெடுக்கும். பெராக்சைடு கார்ப்பெட்டின் நிறத்தையும் சேர்த்தே கெடுக்கக்கூடுமாதலால், கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துப் பார்ப்பதே விவேகம். அம்மோனியா கலந்த துப்புரவு நீர்மத்தைத் தெளிப்பது, பூனைக்கு ‘இடம் காலி, வரலாம்’ என்று அழைப்பிதழ் அடிப்பதற்குச் சமம். குளோரின் பிளீச்சைச் சிறுநீர்க்கறையின் மீதோ அம்மோனியாவோடோ சேர்ப்பது வேடிக்கைக்குரிய செய்தியன்று. குளோரமின் என்னும் நச்சு வாயு அதனால் எழும். கொதிநீராவி இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துவரும் ஆர்வமும் கைவிடத்தக்கதே. வெப்பம் கறையிலுள்ள புரதத்தை இழையோடு பிணைத்துவிடக்கூடும்.

உண்மையில் பயன் தருவது நொதி நீர்மம். நொதி என்பது உயிர்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம். இந்நீர்மங்களில் அத்தகைய நொதிகளோ, அவற்றைச் சுரக்கும் தீங்கற்ற பாக்டீரியாக்களோ இருந்து, கறையை வாடையற்ற எளிய பொருள்களாகச் சிதைக்கின்றன. இதிலும் பெரும்பாலோர் செய்வது கொலுவுக்குப் பன்னீர் தெளிப்பது போன்ற மேம்போக்கான தெளிப்பு; நீர்மம் பூனையின் சிறுநீர் சென்ற ஆழம் வரை, அதாவது பேடின் அடி வரை, சென்றால் மட்டுமே பயன் விளையும் என்பதால், தாராளமாக ஊற்றி, ஈரம் காயாதபடி மேலே பிளாஸ்டிக் தாளை மூடி, சில மணி நேரமேனும் விட்டுவைத்து, பின்னர் பழந்துணியை அழுத்தி ஒற்றியெடுத்து, மின்விசிறியால் உலர்த்த வேண்டும். தேய்த்தல் கூடாது, தேய்த்தால் இழை பிரிந்து கறை பரவுமேயன்றி வெளியேறாது. முன்பே கிருமிநாசினி தெளித்த இடத்தில் பாக்டீரியாக்கள் பிழைத்திருக்க மாட்டா என்பதால், பழைய மருந்துகளைத் தண்ணீரால் அலசி எடுத்துவிட்டே இதைத் தொடங்குவது முறை. வேலை நடக்கும் முதல் இரண்டு நாள்களில் வாடை குறையாமல் மிகவே செய்யும் என்பதையும் வீட்டாருக்கு முன்கூட்டியே அறிவித்தல் நன்று. அறிவிக்காத குடும்பங்களில் மைத்துனர்கள் ஓட்டலில் தங்க நேரிடுகிறது.

கூடத்தின் முதல் மூலை இவ்வாறு அடங்கிற்று. இரண்டாம் மூலையில் பலகையே ஊறியிருந்தமையால், வீட்டுச் சொந்தக்காரரின் எழுத்து மூலமான ஒப்புதலைப் பெற்று, கார்ப்பெட்டை ஆணிச்சட்டத்திலிருந்து நெம்பி மடித்து, பழுப்பேறிக் கிடந்த பேடை அறுத்தெறிந்து, கீழுள்ள ப்ளைவுட்டின்மீது ஷெல்லாக் கலந்த பூச்சு இரண்டு கை அடிக்கப்பட்டது. ஷெல்லாக் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கே. ஜார்க்கண்டின் பலாச மரங்களிலும் குசும் மரங்களிலும் வாழும் அரக்குப் பூச்சிகள் சுரப்பது. அஞ்சலகத்தில் பதிவுப் பார்சலின் முடிச்சுக்கு முத்திரை வைத்ததும் அதன் இனத்தைச் சேர்ந்ததே. பாண்டவர்களுக்கு ஆகாத அரக்கு, அட்லாண்டாவில் ஒரு வீட்டைக் காத்தது. பூச்சு காய்ந்ததும் வாடை பலகைக்குள்ளேயே அடைபட்டுவிட்டது. புதுப் பேட் போட்டுக் கார்ப்பெட்டை மீண்டும் மாட்டியபின் அவ்விடத்தில் ஒரு மழைநாளைத் தாண்டியாயிற்று.

முன்வைப்புத் தொகையைப் பெறுமுன் வீட்டிலுள்ள பழுதுகளைப் பட்டியலிட்டுத் தரும் ஏற்பாடு ஜார்ஜியா மாநிலச் சட்டத்தில் உள்ளது. இவ்வீட்டுப் பட்டியலில் சுவரிலிருந்த ஆணித் துளைகளும் கீறல் விழுந்த கதவும் இடம்பெற்றிருக்க, வாடைக்கு மட்டும் கட்டம் இல்லை. புகைப்படத்தில் விழாத பழுதுக்குச் சான்று கேட்டால் எதைக் காட்டுவது என்பது சட்டம் படித்தோர் ஆராயத்தக்கது. பிராணி வளர்ப்போரிடம் மாதந்தோறும் தனி வாடகை வாங்கும் வழக்கம் இங்கு உண்டு. பூனை செலுத்தியிருக்கக்கூடிய அவ்வாடகையின் பலன் யாருக்குச் சேர வேண்டும் என்று பணிவாகக் கேட்டு எழுதப்பட்ட கடிதத்துக்கு, புதுப் பேடின் விலையைச் சொந்தக்காரர் ஏற்பதாகப் பதில் வந்துள்ளது.

அலமாரியின் அடியிலுள்ள மூன்றாம் இடம் இன்னும் திறக்கப்படவில்லை. இவ்வீட்டாரின் மூக்குகள் அனைத்தும் பழகிவிட்டமையால், அது தேவையா என்பதில் குடும்பத்துக்குள் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. ஆவணியில் பெரியப்பா வந்து இறங்கும் நாளில், விமான நிலையத்திலிருந்து நேரே வந்து, காலணியைக் கழற்றியதும், முதல் பத்து நிமிடத்துக்குள் வீடு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றித் தீர்ப்பு வழங்க வேண்டும் என்பது அனைவரின் வேண்டுகோள். அதுவரை காபி தரப்பட மாட்டாது. விமானத்தில் ஏறியது முதல் மூக்குப்பொடி போடாமல் இருப்பதும் பெரியப்பாவின் பொறுப்பு.

இப்படிக்கு,
அட்லாண்டாவிலிருக்கும் தம்பி மகன்