பாலைவனத்துக் கறையான்

கேள்வி: மரமே இல்லாத பாலைவனத்தில் கறையான் எதைத் தின்று பிழைக்கிறது?

பதில்: காய்ந்த புல், உதிர்ந்த குச்சி, மாட்டுச் சாணம் போதுமே! அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், சிவாவா பாலைவனத்தில், மழை பெய்து ஓய்ந்ததும் நாதாமிடெர்மஸ் கறையான்கள் மேலே வரும். வெயில் பட்டால் உடம்பு வற்றிவிடும். அதனால் கூரை போட்ட பிறகுதான் பந்தி. காய்ந்த புல்தண்டைச் சுற்றி மண்ணை எச்சிலில் குழைத்துப் பூசி, உள்ளே இருந்தபடி தின்னும். அந்த உறையைக் கிள்ளிப் பார்த்தால் புல் இருக்காது. புல்லின் வடிவில் மண்குழல் மட்டும் நிற்கும்.

நிலைக்கதவை அரிக்கிற கறையான்மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அங்கே ஹோர்னாடா ஆய்வுக்களத்தில் மருந்திட்டுக் கறையானை ஒழித்துப் பார்த்தார்கள். செடி குறைந்த பொட்டலில் மழைநீர் மண்ணுக்குள் இறங்குவது குறைந்துபோனது. மேலோடு வழிந்து ஓடியது.