‘போர் அடிக்குது’: ஓர் ஊரடங்குச் சொல்லாராய்ச்சி

2020 மார்ச் 25 முதல் மே 31 வரை, சென்னையில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், ஏழு வயதுப் பெண்ணும் நான்கு வயதுப் பையனும் பேசிய ஒரே வாக்கியத்தைப் பற்றியது இவ்வாய்வு. வாக்கியம்: ‘அப்பா, போர் அடிக்குது.’

ஆய்வுக்களத்தை ஆய்வாளர் தேர்ந்தெடுக்கவில்லை. மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். முதலில் 21 நாள் என்றார்கள். பிறகு அது மே 3 ஆயிற்று, மே 17 ஆயிற்று, மே 31 ஆயிற்று. முனைவர் பட்டத்துக்குக் கால நீட்டிப்பு வாங்கியவர்களுக்கு இது பழகிய நடைமுறைதான்.

இப்பொருள் குறித்து இதற்கு முன் யாரும் ஆராய்ந்ததில்லை. (எல்லா ஆய்வேட்டிலும் இந்த வரி உண்டு; ஆகவே இங்கும்.)

தரவுகள் பால் கணக்கு நோட்டில் திரட்டப்பட்டன. என் மனைவி படுக்கையறையில், வீட்டின் ஒரே ஏ.சி.க்கு அடியில், ஹெட்போனுக்குள் அலுவலகம் போயிருந்தார். வேலைக்கு வரும் அக்காவுக்கும் ஊரடங்கு. எனவே பாத்திரமும் ஆராய்ச்சியும் ஒருசேர என் கைக்கு வந்தன.

பாடபேதம்

பெரியவள் சொல்வது ‘போர் அடிக்குது’ (வாய்மொழி, சோபாவில் தலைகீழாக, 11.4.2020). சின்னவன் சொல்வது ‘போல் அதிக்குது’ (வாய்மொழி, குளியலறைக் கதவின் கீழ் இடுக்கு வழியாக, ஆய்வாளர் உள்ளே இருந்தபோது, 19.4.2020, மூன்றாம் பதிப்பு, தட்டல்களுடன்). புரியாத பாடமே மூலபாடம் என்பது பதிப்பாசிரியர்களில் ஒரு சாராரின் துணிபு. அந்தத் துணிபின்படி சின்னவனே முந்தியவன். அக்காவை அவனுக்கு உரையாசிரியர் என்று கொள்க.

சொற்பிறப்பு

ஆங்கிலத்தில் ‘போர்’ (bore) சலிப்பு என்னும் பொருளில் 18ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவர்களுடைய அகராதிக்காரர்களே கையை விரிக்கிறார்கள். அப்பன் பெயர் தெரியாத சொல் உலகில் எங்கே கிடந்தாலும் அதைத் தமிழ் வீட்டுக்குத் தூக்கிவந்து பெயர் வைத்துவிடுவது நம் ஆய்வு மரபு. நான் மரபை மீறுகிறவன் அல்லன்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (ஆறு தொகுதிகள், 1924–1936, எங்கள் பிரதியில் ஒரு தொகுதி, சின்னவன் வாஷ்பேசினை எட்டுவதற்கான படி) சண்டையையும் போர் என்கிறது, வைக்கோல் குவியலையும் போர் என்கிறது. மூன்றாவது போர் சென்னைக்காரர்களுடையது. மோட்டார் போட்டால் வரும். 2019 கோடையில் அதுவும் வராமல், ஏரிகளும் வறண்டு, ஊரே குடத்தோடு தெருவில் நின்றது. அடுத்த கோடையில் தண்ணீர் இருந்தது, தெருதான் இல்லை.

முதலில் சண்டைக் கொள்கை. மார்ச் 28 முதல் தூர்தர்ஷனில் பழைய ராமாயணம் மறுபடி ஓடியது. இந்தி புரியாவிட்டாலும் அம்பு புரிந்தது. அன்றிலிருந்து அடிஸ்கேல்கள் நாணேறின. ‘போர் அடிக்குது’ என்று சொன்ன பத்தாவது நிமிடம் போரும் நடந்தது, அடியும் விழுந்தது. ஆனால் சண்டை ஓய்ந்து, அழுகை ஓய்ந்து, ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்த பின்பும் அதே வாக்கியம் வந்ததால் இக்கொள்கை கைவிடப்பட்டது.

இனி என்னுடைய கொள்கை. உலகம் இதை ஏற்கும் நாள் வரும்.

கதிரைக் களத்தில் பரப்பி, மாடுகளைப் பிணைத்து, வட்டம் வட்டமாக ஓட்டுவது போரடித்தல். மாடு சுற்றும், நெல் உதிரும், வைக்கோல் மிஞ்சும். இப்போது எங்கள் ஹாலைப் பாருங்கள். பகல் இரண்டு மணி. அக்கினி நட்சத்திரம், மே 4இல் பிறந்து 28 வரை போக மாட்டேன் என்கிறது. மொட்டைமாடிக்குப் பூட்டு. பெரியவள் சாப்பாட்டு மேசையைச் சுற்ற ஆரம்பிக்கிறாள். சின்னவன் அவள் கவுனின் பின்முடிச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே. இது பிணையல் அல்லாமல் வேறென்ன? ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ‘போர் அடிக்குது’, ‘போல் அதிக்குது’. உதிர்ந்த மணிகளை அன்று மாலை கூட்டிப் பெருக்கி வகைப்படுத்தினேன்: பொட்டுக்கடலை, முறுக்குத் துணுக்கு, மூடியில்லாத ஸ்கெட்ச் பேனா, ஒற்றைக் கொலுசுத் திருகு (இது போன தீபாவளியிலிருந்து தேடப்பட்டது, ஆய்வின் ஒரே பொருளாதாரப் பயன்).

களத்து மாடு நெல்லைத் தின்றுவிடாமல் வாய்க்கூடை கட்டுவார்களே, அது எங்கே என்று ஒரு திறனாய்வாளர் மடக்கலாம். அந்த ஏப்ரலில்தான் ஊருக்கே கட்டினோமே ஐயா.

மாடு குழந்தைகள், களம் ஹால், கதிர் யார் என்னும் கேள்வி எஞ்சுகிறது. ஆய்வாளர் அந்நேரம், டைல்ஸ் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று, மேசைக்கு அடியில் படுத்திருந்தார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். (பால் கணக்கு நோட்டு, பின்னட்டையின் உட்புறம், மஞ்சள் கறைக்குத் தெற்கே; ‘கோ. மாவு 2 கிலோ’ என்ற பிற்கால எழுத்தால் பாதி மறைக்கப்பட்டது. அவ்வெழுத்து என் மனைவியுடையது என்பதில் ஐயமில்லை. கோபத்தில் எழுதியது என்பதைப் பேனா தாளைக் கிழித்திருப்பதால் உணர்க.)

வைக்கோல் போட்டு மாட்டை நிறுத்துவதுபோல் குழந்தைகளை நிறுத்த உதவியவை: கேரம் போர்டு (அரை நாள்), டல்கோனா காப்பி (நுரை வரும்வரை), ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணி அகல்விளக்கு (சரியாக ஒன்பது நிமிடம்).

கல்வெட்டுச் சான்று

ஹாலின் மேற்குச் சுவரில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், பச்சைக் கிரேயானில் ‘போ’ என்று ஓரெழுத்துக் கல்வெட்டு உள்ளது. பொறித்தவர் ஒப்புக்கொள்ளவில்லை. ‘போர் அடிக்குது’ என்று தொடங்கி, அம்மா வரும் சத்தம் கேட்டு நிறுத்தப்பட்டது என்பது என் கருத்து. மத்திய அமைச்சர் ராம்தாஸ் அத்தாவலே ‘கோ கொரோனா’ என்று முழங்கியது அப்போது நாடெங்கும் பரவியிருந்தது. இது அதன் தமிழாக்கம் என்பாரும் உளர். அது முழு வாக்கியம்தான், அப்பாவை நோக்கி எழுதியது என்பார் என் மனைவி.

காலக் கணிப்பிலும் பூசல். ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் மளிகைக் கடைகூடத் திறக்காத முழு ஊரடங்கு. 25ஆம் தேதி நான் காய்கறிக் கடை வரிசையில் நின்ற மூன்று மணி நேரத்தில் எழுதியது என்பது மனைவியின் கட்சி. நான் மார்ச்சுக்குக் கொண்டுபோனேன். ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் காலத்தைப் பின்னுக்குக் கொண்டுபோனவனை நம் ஆய்வுலகம் இன்றுவரை கடிந்துகொண்டதில்லை, பொன்னாடைதான் போர்த்தியிருக்கிறது.

களத் தகவலாளி

வழக்கமாக ஏப்ரல் கடைசியில் பிள்ளைகள் அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டில் இருப்பார்கள். ஆற்றில் ஊறி, கறுத்து, ஜூன் மாதம்தான் திரும்புவார்கள். அந்த வருஷம் ரயில் டிக்கெட் ரத்தாகிப் பணம் திரும்பி வந்தது. பணத்தைப் பிள்ளைகள் வாங்கிக்கொள்ளவில்லை. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். கல்யாணம், சாவு, அவசர சிகிச்சை என்று காரணம் இருந்தால் கிடைக்கும். போர் அடிப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே ஆச்சியை வீடியோவில் பிடித்தோம். திரையில் அவர் நெற்றியும், மேலே சுற்றும் ஃபேனும் தெரிந்தன. என் கொள்கையை முழுவதுமாக விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

‘எய்யா, போரடிக்கணும்னா மொதல்ல அறுக்கணும்லா? நீ என்னத்த அறுத்த?’

சமையலறையிலிருந்து என் மனைவி: ‘அதெல்லாம் உங்க பிள்ள ரெண்டு மாசமா நல்லாத்தான் அறுக்காவ, அத்தை.’

‘பொறவு இன்னொண்ணு. மாட்டக் கட்டி அடிக்கதுக்கு நம்ம பக்கம் சூடடிப்புன்னுல்லா சொல்லுவோம். நீ எந்த ஊருக்காரன்?’

இவ்வாய்வில் பேசியவர்களுள் களத்தைக் கண்ணால் கண்டவர் அவர் ஒருவரே. என்றாலும் அவர் கூற்று கொள்கைக்கு இடைஞ்சலாக இருந்ததால் ‘வட்டார வழக்கு’ என்று ஓரத்தில் குறித்து ஒதுக்கினேன். துறையில் நெடுங்காலம் இருப்பவர்கள் இந்த முறையைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அதற்குள் பெரியவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். ‘சூடடிப்புன்னா என்ன ஆச்சி?’

போனைப் புளி ஜாடியில் சாய்த்து வைத்தார்கள். நிலா வெளிச்சத்தில் மாடு கட்டுவது, சுற்றிச் சுற்றி வருகிற மாடு நடுவில் சாணி போட்டால் ஓடிப்போய்க் கையிலேயே ஏந்துவது, விடியவிடிய வைக்கோலில் படுத்து உடம்பெல்லாம் அரிப்பது, ஒரு தடவை வைக்கோலுக்குள்ளிருந்து பாம்பு வந்தது என்று ஆச்சி ஆரம்பித்தார். ‘கையிலயா?’ என்றான் சின்னவன்.

நோட்டில் அன்று மாலை 4.20 முதல் 5 மணிவரை ஒரு பதிவும் இல்லை. ஆய்வாளர் மேசையடியில் தூங்கிவிட்டதே இவ்விடைவெளிக்குக் காரணம் எனக் கொள்க.