ஈரத் துணியும் இரண்டு லிட்டரும்

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். பள்ளிக்கூட லீவும் அப்போதுதான். ஆகவே வருஷத்திலேயே அதிகம் கொதிக்கிற வாரமாகப் பார்த்து, அதிலும் கூட்டம் பிதுங்குகிற ஞாயிற்றுக்கிழமையைப் பொறுக்கியெடுத்து, நிழலில்லாத சிமென்ட் தரையில் நாள் முழுக்க நடப்பதற்கு நாமே காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறோம். வீட்டில் ஃபேனுக்கு அடியிலிருந்து நகர மாட்டேன் என்கிற ஆட்கள்கூட தீம் பார்க் என்றால் காலை ஆறு மணிக்கே குளித்துவிட்டு வேனில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுகிறார்கள்.

1995இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா திறந்த காலத்திலேயே சென்னைக்கு இந்த மோகம் பிடித்துவிட்டது. ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்று 1984இல் முப்பரிமாணப் படம் எடுத்து எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்ட நவோதயா அப்பச்சன் கட்டிய பூங்கா அது. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தும் அழைத்துப்போனார்கள். ஆளுக்கொரு வாட்டர் பேக்கைக் கழுத்தில் மாட்டிவிட்டதோடு டீச்சர்களின் கடமை முடிந்தது. “தண்ணி குடிச்சியா?” என்று அன்றைக்கு யாரும் கேட்டதாக நினைவில்லை. இன்றைக்கு எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கென்றே ஒருவர் இருக்கிறார். என் கொழுந்தன்.

அவருக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை. கையில் கட்டியிருக்கும் வாட்ச் மணிக்கொரு தரம் அதிர்ந்து, தண்ணீர் குடி என்று சொல்லும். இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று வைத்திருக்கிறார். அதில் காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை கோடு கோடாகப் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் உற்சாக வாசகம் அச்சடித்திருக்கும். ‘சபாஷ், விடாதே’ என்கிற ரகம். தண்ணீர் குடித்ததற்குப் பாராட்டு வாங்குகிற முதல் தலைமுறை இதுவாகத்தான் இருக்கும்.

“அண்ணி, தாகம் எடுத்தப்புறம் குடிச்சா லேட்டு. தெரியுமா?”

“தெரியும் தம்பி. ஒரு இருபது தடவை சொல்லிட்டீங்க.”

வயதானவர்கள் விஷயத்தில் அவர் சொல்வதில் தப்பில்லை. வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மழுங்கிவிடும். உடம்பு கேட்பது மூளைக்கு எட்டுவதற்குள் தலை சுற்ற ஆரம்பித்துவிடும். இதை விளக்கிச் சொல்லிப் பாட்டிலை நீட்டினால் என் மாமியார், “நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் தண்ணி குடிச்சிட்டிருக்கேன்டா” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். 2013இல் பஸ் ஸ்டாண்டுகளில் அம்மா குடிநீர் பாட்டில் பத்து ரூபாய்க்கு வந்தபோது, தண்ணிக்குப் பத்து ரூபாயா என்று கேட்டவர் அவர். எங்கே போனாலும் அவரோடு மோர் போகும்.

போன மே மாதம் நாங்கள் போன பூங்காவின் பெயர் வேண்டாம். வாசலில் ஒரு மேஜை, ஒரு பிளாஸ்டிக் கூடை, பைக்குள் கைவிட்டுத் துழாவ ஒரு செக்யூரிட்டி. வெளிச்சாப்பாடு கூடாது, பானம் கூடாது. குழந்தைக்கான பால், மருந்து மட்டும் போகலாம். என் கணவரின் முறுக்குப் பொட்டலம் கூடைக்குப் போனது. நாத்தனாரின் எலுமிச்சம்பழ சாதம் வேனுக்குத் திரும்பியது. கொழுந்தனின் பாட்டில் முறை வந்ததும் அவர் உச்ச நீதிமன்றத்தைக் கூப்பிட்டார். 2023 ஜனவரியில் வந்த தீர்ப்பு அவருக்கு மனப்பாடம்: வெளிச்சாப்பாட்டைத் தடுக்க உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிநீர் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும்.

செக்யூரிட்டி அசரவில்லை. “சார், அந்தக் கேஸு சினிமா தியேட்டருக்கு. நம்ம பார்க்குல எப்பவுமே ஃப்ரீதான். ஆர்.ஓ. தண்ணி உள்ள இருக்கு. காலி பாட்டிலா எடுத்துட்டுப் போங்க, பிடிச்சுக்கலாம்.”

காசு கொடுத்து வாங்கிய மினரல் வாட்டரைத் தரையில் கொட்ட எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மனசு வராது. கொழுந்தன் அங்கேயே நின்று குடிக்க ஆரம்பித்தார். பன்னிரண்டு மணிக் கோடு, இரண்டு மணிக் கோடு, மாலை காபி நேரத்துக் கோடு எல்லாம் கண்ணெதிரே இறங்கின. காலை பத்து மணிக்கே இரவு எட்டு மணி வரைக்கும் குடித்து முடித்துவிட்டார். நம் சிறுநீரகங்களால் ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு லிட்டர் தண்ணீரைத்தான் வெளியேற்ற முடியும். அதற்கு மேல் அளவில்லாமல் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாக முடியும். இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தபோது அவருடைய வாட்ச் அதிர்ந்தது, தண்ணீர் குடிக்கச் சொல்லி.

அடுத்து மாமியாரின் தூக்கு.

“இது என்ன பாட்டி?”

“மருந்து.”

செக்யூரிட்டி மூடியைத் திறந்தார். பெருங்காயமும் கறிவேப்பிலையும் இஞ்சியும் சேர்ந்து வரிசை முழுவதற்கும் பதில் சொல்லின.

“மோரு மாதிரி இருக்கே?”

“மோருதான். எனக்கு அதான் மருந்து. வேணும்னா உங்க டாக்டரைக் கூட்டிட்டு வா, நானே பேசிக்கறேன்.”

பின்னால் வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் பொழுது விடிந்ததிலிருந்து அதே வெயிலில் நிற்கிறார். அவர் கையில் அதிர்கிற வாட்ச் எதுவும் இல்லை. குரலைத் தாழ்த்தி, “எனக்கு ஒரு டம்ளர் ஊத்திட்டுப் போங்க பாட்டி” என்றார். சுங்கம் கட்டிவிட்டு உள்ளே போனோம்.

தமிழ்நாட்டில் தாகத்துக்குக் கொடுப்பது பழைய விஷயம்தான். திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசரை நேரில் பார்க்காமலேயே அவர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. இப்போது கோடையில் தெருமுனைக்குத் தெருமுனை நீர்மோர்ப் பந்தல் திறக்கிறார்கள். தலைவர் எப்படியாவது நம்மை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பதற்காக அவர் பெயரில் வைக்கிறார்கள். ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, தர்பூசணி தீர்ந்த பிறகு பானை மட்டும் மே முடியும்வரை தனியாக நிற்கும். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. திறப்பு விழா நடக்கிற அரை மணி நேரத்தில் எப்படியும் ஒரு வெள்ளரிப்பிஞ்சு கிடைக்கும்.

உள்ளே ரோலர் கோஸ்டர் வரிசை. சென்னையின் வியர்வையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். அபாரமான ஏற்பாடு. ஆனால் ஆவியாக வேண்டுமே! கடற்கரை ஊரின் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பிக் கிடக்கிறது, இனி இடமில்லை என்கிறது. ஆகவே நம் வியர்வை வந்த வேலையைச் செய்யாமல் முதுகு வழியாக இறங்கி முழங்காலுக்குப் போய்விடுகிறது. தண்ணீரும் போகும், உப்பும் போகும், சூடு மட்டும் அப்படியே இருக்கும். இதே வெயிலில் விஜிபி பூங்காவில் சிலை மனிதர் என்று ஒருவர் அசையாமல் நின்றது நினைவுக்கு வந்தது. ஊரே அவரைச் சிரிக்கவைக்கத்தான் பார்த்தது. அவருக்குத் தாகம் எடுக்குமே என்று நான் யோசித்தது இப்போதுதான்.

“அலைக்குளத்துக்குப் போயிடலாம். தண்ணிக்குள்ளயே இருந்தா டீஹைட்ரேஷனே வராது” என்றார் என் கணவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தோல் தண்ணீர் குடிக்காது. நீருக்குள் ஆடினாலும் வியர்க்கும்; நனைந்திருப்பதால் தெரியாது, அவ்வளவுதான். போதாததற்கு, கழுத்தளவு நீரில் நிற்கும்போது நீரின் அழுத்தத்தில் கைகால்களில் உள்ள ரத்தம் மார்புப் பக்கம் ஏறும். உடம்பு அதைப் பார்த்து, ஆகா, தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று தப்புக்கணக்குப் போட்டு, வெளியேற்றும்படி சிறுநீரகத்துக்கு உத்தரவு போடும். அதாவது நீருக்குள் நிற்க நிற்க நமக்கு வரும்.

இந்த உண்மையோடு இன்னொரு உண்மையைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. குளத்தில் நூற்றுக்கணக்கான பேர் மணிக்கணக்காக நிற்கிறார்கள். கழிப்பறையோ தூரத்தில், உணவகத்துக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிற ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

“மருந்து வாசனை எவ்ளோ தூக்கலா வருது பாருங்க அண்ணி. நல்லா சுத்தமா வெச்சிருக்காங்க” என்றாள் நாத்தனார், மூக்கு நிறைய இழுத்து.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. குளத்தில் கலக்கிற அளவு குளோரினுக்கு அவ்வளவு நெடி கிடையாது. குளோரின் வியர்வையோடும் மற்றதோடும் கலந்து குளோரமைன் ஆகும்போது வருகிற வாசனை அது என்றேன். “மற்றதுன்னா?” என்றாள். அலை வந்தது. நான் பதில் சொல்வதற்குள் கரையில் நின்றுகொண்டிருந்தாள். கொழுந்தன் மட்டும் தண்ணீரில் வெகு நேரம் மிகுந்த நிம்மதியோடு மிதந்துகொண்டிருந்தார். அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

நாத்தனார் காலையிலிருந்து ஒரு வாய்கூடத் தண்ணீர் குடித்திருக்கவில்லை. அவள் மட்டுமல்ல, அந்தப் பூங்காவில் பாதிப் பெண்கள் குடித்திருக்க மாட்டார்கள். காரணம் மறதியோ அலட்சியமோ இல்லை, கணக்கு. தண்ணீரில் இறங்கப் பருத்தி கூடாது, நைலான் உடைதான் போட வேண்டும். நனைந்த நைலான் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்றுவதற்கே ஒரு பயில்வான் வேண்டும், திரும்ப மாட்டுவதற்கு இரண்டு பேர். கழிப்பறை வாசலில் வரிசை. உள்ளே தரையெல்லாம் தண்ணீர். கதவில் கொக்கி இருந்த இடத்தில் கொக்கி இருந்ததற்கான ஓட்டை. பையைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, வெளியே காத்திருக்கிறவருக்கு “இதோ, இதோ” என்று குரல் கொடுத்துக்கொண்டு… இத்தனையும் ஒரு டம்ளர் தண்ணீருக்கு வட்டி. அசலே வேண்டாம் என்று பெண்கள் முடிவெடுக்கிறார்கள்.

மதுரைக்கு பஸ்ஸில் போகும்போது என் அம்மா செய்தது இதே கணக்கு. கல்யாண மண்டபத்தில் பட்டுப்புடவையோடு நாங்கள் எல்லோரும் செய்வதும் இதே கணக்குதான். தினம் எத்தனை லிட்டர் என்று வாட்ச் சொல்கிறது, டாக்டர் சொல்கிறார், கொழுந்தன் சொல்கிறார். அந்த லிட்டர்களை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று ஒருத்தரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஆண்களுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. தமிழ்நாட்டில் சுவர்களுக்கா பஞ்சம்?

மூன்று மணி வாக்கில் ஒரு ராட்டினத்தின் வரிசையில் நாத்தனார், “அண்ணி, எல்லாம் இருட்டா தெரியுது” என்று சொல்லிக்கொண்டே என் தோளைப் பிடித்தாள். நிழலுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, ஈரத் துண்டைப் போர்த்தினோம். கண்ணைத் திறந்து, குடிக்க ஏதாவது கொடு என்றாள். முதலுதவி அறையிலிருந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோடு ஒரு பெண் ஓடிவருவதற்குள் மாமியார் மகளுக்கு இரண்டாவது டம்ளர் மோர் கொடுத்து முடித்திருந்தார்.

அந்தப் பாக்கெட்டுக்கு ஒரு பெரிய சரித்திரம் உண்டு. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்ற சலைன் தீர்ந்துபோய், திலீப் மகலனபிஸ் என்கிற கொல்கத்தா டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்மில் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை குடலுக்குள் உப்பைக் கைப்பிடித்து அழைத்துப்போகும், உப்பின் பின்னாலேயே தண்ணீர் போகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்று வீட்டிலேயே கலக்கலாம். பேதிக்கு அதுதான் சரி. மோரை அதற்கு ஈடாகச் சொல்ல முடியாது. வெயிலில் வியர்த்து வாடியவளுக்கு உப்புப் போட்ட மோர் தாராளமாகப் போதும். இந்த வித்தியாசத்தை மாமியாரிடம் நான் விளக்கவில்லை. வெற்றியில் இருப்பவர்களிடம் விளக்கக் கூடாது.

“இதுக்குப் போயி ஒரு பாக்கெட்டா?” என்று அதை வாங்கிப் பார்த்தவர், வீணாக்க வேண்டாமே என்று கைப்பையில் போட்டுக்கொண்டார். கொழுந்தனுக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். அவர் வாட்ச்சைப் பார்த்தார். இப்போது குடிக்கலாமா என்று அதனிடம் கேட்கிற மாதிரி இருந்தது.

இந்த வருஷம் வேறு ஊரில் வேறு பூங்கா என்று முடிவாகியிருக்கிறது. விசாரிக்கிற பொறுப்பை நாத்தனார் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். போன வாரம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். மறுமுனையில் இருந்த இளைஞர் உற்சாகமாக ரைடுகளை அடுக்கத் தொடங்கினார்.

“ரைடு கிடக்கட்டும் சார். லேடீஸ் டாய்லெட் எத்தனை?”

“மேடம்?”

“டாய்லெட். கதவுல கொக்கி இருக்கா? அலைக்குளத்துலேர்ந்து எவ்ளோ தூரம்? தரை ஈரமா இருக்குமா, காஞ்சிருக்குமா?”

சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு அந்த இளைஞர் மிகவும் மரியாதையாக, “மேடம், நீங்க ஹெல்த் டிபார்ட்மென்ட்டா?” என்றார்.

“ஆமா” என்றார் பக்கத்திலிருந்த என் மாமியார்.