ஊர் வாய்க்கு உலைமூடி

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று நம் பாட்டிகள் சொல்லிவைத்தார்கள். பம்பாய் கிரிக்கெட்டை நிர்வகித்த பெரிய மனிதர்கள் யாருக்கும் அப்படியொரு பாட்டி வாய்க்கவில்லை போலிருக்கிறது. நூறு வருஷமாக ஊர் வாயின் அளவுக்கு மூடி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தேடல் தொடங்கிய நாளென்று 1926 டிசம்பர் 1-ஐச் சொல்லலாம். இடம், பாம்பே ஜிம்கானா. சுத்தமான வெள்ளைக்கார கிளப். இந்தியர்களுக்கும் உள்ளே இடமுண்டு, கையில் டிரே இருந்தால். அன்று இங்கிலாந்திலிருந்து வந்த ஆர்தர் கில்லிகனின் எம்.சி.சி அணியும் இந்துக்கள் அணியும் மோதின. வெள்ளைக்காரர்கள் கைதட்டுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு: எதிரணி நன்றாக ஆடினால் நாலு தட்டு, நம்மவன் நன்றாக ஆடினால் ஆறு தட்டு, பிறகு டீ. சி.கே. நாயுடுவுக்கு இந்தக் கணக்கெல்லாம் யாரும் சொல்லவில்லை. 116 நிமிடத்தில் 153 ரன், அதில் 11 சிக்சர். உள்ளே இடம் கிடைக்காத ஜனம் சுற்றியிருந்த மரங்களிலும் கூரைகளிலும் தொற்றிக்கொண்டிருந்தது. கிளைமேல் உட்கார்ந்து கத்துபவனிடம் போய் உறுப்பினர் விதிகளைக் காட்ட முடியுமா? அவன் உறுப்பினரே இல்லையே! எம்.சி.சிக்காரர்கள் நாயுடுவுக்கு ஒரு வெள்ளி மட்டையைப் பரிசளித்தார்கள். மரத்திலிருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

ஏழு வருஷம் கழித்து, 1933 டிசம்பரில், அதே மைதானத்தில் இந்திய மண்ணின் முதல் டெஸ்ட். லாலா அமர்நாத் அறிமுகப் போட்டியிலேயே 118 அடித்தார். சதம் வந்ததும் ஜனம் மாலையோடு மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. எதிர்முனையிலிருந்த நாயுடு வாழ்த்துச் சொல்லக் கோட்டைவிட்டு நடந்தே வந்துவிட்டார், இங்கிலாந்து கேப்டன் ஜார்டின் நினைத்திருந்தால் ரன் அவுட் பண்ணியிருக்கலாம் என்று இன்றும் கதை சொல்வார்கள். ஆஸ்திரேலியர்களின் விலா எலும்பைக் குறிவைத்துப் பந்து போடச் சொன்ன அதே டக்ளஸ் ஜார்டின், இங்கே மட்டும் சும்மா இருந்தாராம். இத்தனைக்கும் அவர் பிறந்ததே பம்பாயில்தான். பிறந்த ஊர்க் கூட்டம் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்கும்.

மரமேறிகளுக்கு உட்கார இடம் கொடுத்தால் சத்தம் குறையும் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். கிரிக்கெட் நிர்வாகி அந்தோணி டி மெல்லோ கவர்னர் பிரேபோர்னிடம் போய், அரசாங்கத்துக்குப் பணம் வேண்டுமா, உங்களுக்கு அழியாப் புகழ் வேண்டுமா என்று கேட்டு நிலம் வாங்கினார் என்பார்கள். கவர்னர் புகழைத் தேர்ந்தெடுத்தார். 1937-இல் பிரேபோர்ன் ஸ்டேடியம் திறந்தாயிற்று. அந்த வருஷ பெண்டாங்குலர் போட்டியில் எங்களுக்கு ஒதுக்கிய சீட்டு போதாது என்று கோபித்துக்கொண்டு இந்துக்கள் அணி ஆடவே வரவில்லை. சத்தத்தைக் குறைக்க இதுவரை கண்டுபிடித்ததில் உருப்படியான ஒரே வழி அதுதான். இந்த ஊரில் மதம் வாரியாக அணி பிரித்து ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பிறகு சத்தம் ரேடியோவில் ஏறியது. பாபி தல்யார்கான் என்ற பார்சி, காலையில் மைக்கைப் பிடித்தால் சாயங்காலம் வரை தனியாளாகப் பேசுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் டீக்கும் மட்டும் வாய்க்கு விடுமுறை. இன்னும் இருவரோடு மைக்கைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னபோது, முடியாது என்று எழுந்து போய்விட்டார். ஒரு குழாயை ஒன்பது குடித்தனம் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த மாட்டுங்காத் தமிழருக்கு இது கொஞ்சம் ஓவராகப் பட்டிருக்கும். ஆனாலும் கேட்டார்கள். ரேடியோ இருந்த வீட்டு வாசலில் செருப்பு குவிந்தது.

ரேடியோ டிரான்சிஸ்டராகச் சுருங்கிச் சட்டைப்பைக்கு வந்ததும்தான் வினை. 1969 நவம்பர், பிரேபோர்ன் ஸ்டேடியம், பில் லாரியின் ஆஸ்திரேலியா. இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா தடுமாறுகிறது. ஒருபக்கம் அஜித் வாடேகர், மறுபக்கம் மதராஸ்காரர் வெங்கட்ராகவன், இருவரும் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கானலி வீசிய பந்து வெங்கட்டைத் தாண்டி விக்கெட் கீப்பர் டேபரிடம் போகிறது. அப்பீல். நடுவர் ஷம்பு பான் விரலைத் தூக்குகிறார். கிழக்கு ஸ்டாண்டில் இருப்பவனுக்கு அத்தனை தூரத்திலிருந்து மட்டையும் தெரியாது, பந்தும் தெரியாது. ஆனால் காதோரம் டிரான்சிஸ்டர் இருக்கிறது. அதில் வர்ணனையாளர் தேவராஜ் புரி, இது அவுட்டே இல்லை என்கிற மாதிரிச் சொல்லிவிட்டார். சொன்னது சாட்சாத் ஆல் இந்தியா ரேடியோ. அரசாங்கமே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன?

பாட்டில் பறந்தது. நாற்காலி பறந்தது. ஸ்டாண்டுக்கு மேலே நிழலுக்குக் கட்டியிருந்த துணியில் தீ வைத்தார்கள். புகை மைதானத்தை மூடி, ஸ்கோர் எழுதுகிறவர்களுக்கு ஆட்டமே தெரியவில்லை. லாரி உள்ளே போக மறுத்தார். அவருக்கு வேண்டியது விக்கெட், காற்றோட்டம் அல்ல. அந்தப் புகையிலேயே ஆடி, கடைசியில் எட்டு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தும் விட்டார்.

இதில் ரசமான சங்கதி வேறு. 1966-இல் சிவசேனா பிறந்து, மதராசிகள் மராத்திக்காரன் வேலையைப் பறிக்கிறார்கள் என்று மேடைக்கு மேடை முழங்கிய காலம் அது. உடுப்பி ஓட்டல்காரரும் ஆபீஸ் குமாஸ்தாவும் வெளியே இறங்கி நடக்கும்போது வேட்டியைக் கொஞ்சம் யோசித்துத்தான் கட்டினார்கள். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட வருஷத்தில், ஒரு மதராசியின் ஒன்பது ரன்னுக்காகப் பம்பாய்க்காரன் சொந்த ஸ்டேடியத்தையே கொளுத்தினான். இதைவிடப் பெரிய தேசிய ஒருமைப்பாட்டு விழாவை எந்த அரசாங்கமும் நடத்தியதில்லை. வெங்கட்ராகவன் என்ன பண்ணினார்? பிற்காலத்தில் அவரே சர்வதேச நடுவராகி, எழுபதுக்கும் மேற்பட்ட டெஸ்ட்களில் மற்றவர்களுக்கு விரல் தூக்கினார்.

டிக்கெட் சண்டையில் பிரேபோர்னிலிருந்து பிரிந்துபோன பம்பாய் கிரிக்கெட் சங்கம், கூப்பிடு தூரத்தில் வாங்கடே ஸ்டேடியத்தைக் கட்டியது. 1975 ஜனவரியில் அங்கே முதல் டெஸ்ட். வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் கிளைவ் லாயிட் இரட்டைச் சதம் அடித்ததும் கைகுலுக்க ஒரு ரசிகன் ஓடினான். போலீஸ் அவனை அடித்தது. ஜனம் ஸ்டேடியத்தை அடித்தது. ஆட்டம் நின்றது. கிரகப்பிரவேசத்தன்றே பால் பொங்கி வழிந்துவிட்டது.

இன்றைக்கு மைதான வாசலில் தண்ணீர் பாட்டிலையும் சில்லறைக் காசையும் பிடுங்கிப் போடுகிறார்களே, அதெல்லாம் இப்படித் தலைமுறை தலைமுறையாக நாம் சம்பாதித்து வைத்த சொத்து. காசோடு உள்ளே போகக் கிடைப்பது அநேகமாக டாஸ் போடுகிறவருக்கு மட்டும்தான். அவர் பாட்டைக் கேளுங்கள்.

2011 ஏப்ரல் 2, வாங்கடேயில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. தோனி காசைச் சுண்டுகிறார். இலங்கை கேப்டன் சங்கக்கரா என்னவோ சொல்கிறார். முப்பதாயிரம் தொண்டை ஒரே சமயத்தில் திறந்திருக்கிறது. போட்டி நடுவர் ஜெஃப் குரோவுக்குக் காதில் விழவில்லை. தோனிக்கும் தெளிவில்லை. பக்கத்தில் மைக்கோடு நிற்பவர் யார்? மாட்டுங்கா டான் போஸ்கோ பள்ளியில் படித்த ரவி சாஸ்திரி. மைக்கே இல்லாமல் மாட்டுங்காவிலிருந்து சர்ச்கேட் வரை கேட்கும் குரல். அவர் குரலே அன்று எடுபடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நீ சொன்னது பூவா தலையா என்று ஒருவரையொருவர் கேட்டு, கடைசியில் உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு மறுபடியும் டாஸ் போட்டார்கள். இரண்டாவது தடவையும் சங்கக்கராவே ஜெயித்தார். 2020-இல் நம்ம அஸ்வினோடு இன்ஸ்டாகிராமில் பேசும்போது, நான் தலை என்றுதான் சொன்னேன் என்று ஒன்பது வருஷம் கழித்தும் அவர் விளக்கிக்கொண்டிருந்தார். கோப்பை தோனிக்கு.

சத்தத்துக்கு முறையாகச் சட்டம் போட்டுப் பார்த்த ஊர்களும் உண்டு. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக ஃபுட்பால் ரசிகர்கள் மாட்டு மணியோடுதான் மைதானத்துக்கு வருவார்கள். எதிரணிக்குக் காது கேட்கவில்லை என்று 1974-இல் அவர்களுடைய கூட்டமைப்பு தடை போட்டது. மணிகள் ஒளிந்து ஒளிந்து உள்ளே வந்தன. முப்பத்தாறு வருஷம் போராடிவிட்டு 2010-இல், ஆட்டம் நடக்காத இடைவெளியில் மட்டும் பொறுப்பாக ஆட்டிக்கொள்ளுங்கள் என்று இறங்கி வந்தார்கள். நம் நாட்டிலும் 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் இருக்கின்றன: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, மேளம் கூடாது. தொண்டையைப் பற்றி மட்டும் விதி எழுதியவர்கள் வாய் திறக்கவில்லை.

ஐபிஎல் வந்தபிறகு கதை தலைகீழானது. சத்தம் போடாதே என்ற காலம் போய், சத்தம் போடு என்று திரையில் எழுதிக் காட்டும் காலம். கத்து என்று தூண்ட டிஜேவுக்குச் சம்பளம். வேண்டிய சத்தத்தைக் காசு கொடுத்து வரவழைத்தார்கள். 2024-இல் அதே தொண்டை வேறு திசையில் திரும்பியது. ரோகித் சர்மாவை இறக்கிவிட்டு ஹர்திக் பாண்டியாவை மும்பை இந்தியன்ஸ் கேப்டனாக்கியது ஜனத்துக்குப் பிடிக்கவில்லை. ஏப்ரல் 1, வாங்கடேயில் டாஸ். ஹர்திக் பெயரைச் சொன்னதும் ஊளை. மைக்கோடு நின்ற சஞ்சய் மஞ்ச்ரேக்கர், ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார், பின்வரிசையை அதட்டும் வாத்தியார் மாதிரி. ஊளை இன்னும் கூடியது. ரோகித்தே எல்லைக்கோட்டில் நின்று கையமர்த்திப் பார்த்தார். ஊளையிடுகிறவர்களை வெளியே அனுப்பப் போகிறார்கள் என்று செய்தி பரவ, அப்படியெல்லாம் இல்லை என்று மும்பை கிரிக்கெட் சங்கம் மறுக்க வேண்டியதாயிற்று. இதே வாங்கடே 2006-இல் சச்சினையே ஊளையிட்டு அனுப்பியது. ஹர்திக் எந்த மூலை?

அந்த சீசனில் மும்பை இந்தியன்ஸுக்குக் கடைசி இடம். ஜூன் 29, பார்படாஸ், டி20 உலகக் கோப்பை இறுதி. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் வேண்டும். பந்து ஹர்திக் கையில். முதல் பந்தை மில்லர் தூக்கி அடிக்க, எல்லைக்கோட்டில் குதித்து உள்ளே தட்டிப் பிடித்தவர் சூர்யகுமார் யாதவ், செம்பூர் அணுசக்தி நகர்ப் பையன். இந்தியா ஏழு ரன்னில் ஜெயித்தது. ஜூலை 4, வெற்றி ஊர்வலம்; மரைன் டிரைவ் முழுக்கத் தலை. வாங்கடேயில் ஹர்திக், ஹர்திக் என்று அதே ஜனம், அதே தொண்டை.

மூன்று மாதத்தில் எந்த விதியும் மாறவில்லை, எவனையும் வெளியே அனுப்பவும் இல்லை. ஆகவே சங்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு யோசனை: கூட்டத்தை அடக்கச் சுற்றறிக்கை அச்சடிக்கும் காசில், கடைசி ஓவர் போட ஒரு நல்ல ஆளைத் தயார் பண்ணுங்கள்.