என் மஞ்சப்பை

பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப்பை என்று தமிழக அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று ஓர் இயக்கம் தொடங்கியது. எனக்கு மஞ்சப்பை வந்து சேர இன்னும் இரண்டு வருஷம் ஆனது. புராஸ்டேட் வீங்கி ஒன்றுக்கு அடைத்துக்கொண்ட ஒரு ராத்திரியில் டியூப் செருகி மாட்டினார்கள். பை என்னவோ பிளாஸ்டிக்தான். மஞ்சள் என் உபயம். ஆபரேஷனை என் இதயம் தாங்காதாம். ஆகவே டியூபும் பையும் நிரந்தர உறுப்பினர்கள்.

டியூப் 16-ஆம் நம்பர். அதை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டரில் தடிமன் வரும். கழன்று விழாதிருக்க உள்ளே ஒரு குட்டி பலூன். அதில் 10 மி.லி. தண்ணீர். 1930-களில் ஃபோலி என்ற அமெரிக்க டாக்டர் கொண்டுவந்த ஏற்பாடு. எழுபத்தோரு வயதில் எனக்கு பலூன் கிடைக்க வேண்டும் என்றிருக்கிறது!

பைக்கு ஒரே ஒரு நிபந்தனை: சிறுநீர்ப்பைக்குக் கீழேயே தொங்க வேண்டும். உயர்த்தினால், போனது திரும்பி வந்துவிடும். கூடவே கிருமியும் வரலாம். 36 வருஷ அரசு உத்தியோகத்தில் எனக்குக் கீழே இருந்தவர்கள் யாரும் எனக்கு அடங்கியதில்லை. இது ஒன்றுதான் அடங்கியது. அதையும் கெடுக்க மாப்பிள்ளை வந்தார்.

“கொடுங்க மாமா, நான் பிடிச்சுக்கறேன்” என்று பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“மாப்பிள்ளை, கீழே, கீழே!” என்று பதறினேன்.

ஆசீர்வாதம் வாங்கச் சொல்கிறேன் என்று நினைத்து, பையும் கையுமாகக் காலில் விழுந்தார். பை சரியான உயரத்துக்கு வந்துவிட்டது.

பால் கணக்கு நோட்டில் இப்போது என் கணக்கு ஓடுகிறது. காலை 600, மத்தியானம் 450. நாள் மொத்தம் 1,800-ஐத் தாண்டினால் மனைவி தரும் ராத்திரிப் பாலில் சர்க்கரை கொஞ்சம் தாராளம்.

லாபமும் உண்டு. காலில் கட்டும் சின்னப் பையை வேட்டி மறைத்துவிடும். மதுரை பஸ்ஸில் மற்றவர்கள் “எப்ப சார் நிறுத்துவீங்க?” என்று கண்டக்டரிடம் கெஞ்ச, நான் ஜன்னலோரம் நிம்மதியாக இளநீர் குடிக்கிறேன்.

ஒருநாள் நடுராத்திரி பையில் சொட்டு இல்லை, அடிவயிறு கல்லாகிவிட்டது. மனைவி சாமிக்கு முடிந்துவைக்க மஞ்சள் துணி தேட, பேத்தி விளக்கைப் போட்டாள். “தாத்தா, டியூப் மேலயே படுத்திருக்கீங்க!”

டியூப் மடங்காமலே ஒன்றுக்கு நின்றுபோனாலோ, குளிர்ஜுரம் வந்தாலோ, வெட்கப்பட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்னைப் போல் ஒருவரைப் பார்த்தால் தாராளமாக நலம் விசாரியுங்கள். பையை மட்டும் தூக்கிப் பிடிக்காதீர்கள்.