துப்பியல்: டைவிங் மாஸ்க்கில் எச்சிலின் இடம் குறித்து ஒரு முன்னாய்வு

ஸ்கூபா பற்றி எழுதியவர்கள் எல்லாருமே கடலுக்குள் குதித்த பிறகுதான் பேனாவைத் திறக்கிறார்கள். 1943இல் கூஸ்தோவும் கான்யானும் அக்வாலங் என்ற நீரடிச் சுவாசக் கருவியை உருவாக்கியதிலிருந்து அழுத்தம், நைட்ரஜன், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் நூல்கள் குவிந்துவிட்டன. குதிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு, படகின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, படித்த பண்புள்ள மனிதர்கள் தத்தம் கண்ணாடிக்குள் துப்பிக்கொள்கிறார்களே, அதைப் பற்றி மட்டும் மௌனம். அந்த மௌனத்தைக் கலைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். களம்: அந்தமானின் ஹேவ்லாக் தீவு (2018 முதல் சுவராஜ் தீவு). மாதிரி: ஒரு போட்டு, ஆய்வாளர் உட்பட ஒன்பது பேர். மாதிரி போதாது என்போர் சொந்தச் செலவில் விமானம் ஏறி எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்ளலாம்.

முதலில் சொல்லாராய்ச்சி. துப்பு என்றால் வாயால் உமிழ் என்று மட்டும் நினைப்பவர்கள் அகராதியை மூடிவைத்திருப்பவர்கள். வான்சிறப்பு அதிகாரத்தில் வள்ளுவருக்கு அது உணவு. பழைய இலக்கியத்தில் வலிமை; அது இல்லாதவன்தான் துப்புக்கெட்டவன். போலீஸ்காரருக்குத் தடயம். இவை எல்லாவற்றையும்விட நமக்கு முக்கியமானது, துப்பு என்றால் பவளம் என்றும் பொருள் உண்டு என்பது. ஆக, துப்பைக் காணப் போகிறவன் முதலில் துப்ப வேண்டும் என்பதைத் தமிழ் எப்போதோ முடிவு செய்துவிட்டது. இவை வேறு வேறு வேர்கள் என்று புலவர்கள் மறுக்கக்கூடும். அவர்களில் ஒருவரும் அந்தப் போட்டில் இல்லை.

அடுத்து அறிவியல். டைவிங் மாஸ்க்குக்குள் மூக்கும் அடங்கியிருக்கும். கீழே போகப் போக உள்ளிருக்கும் காற்று சுருங்கும். மூக்கால் கொஞ்சம் ஊதி நிரப்பாவிட்டால் மாஸ்க் முகத்தைக் கவ்விப் பிடித்துவிடும். நீச்சல்குளக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகக் கூடாதது இதனால்தான். ஆனால் மூக்கிருக்கும் இடத்தில் ஈரமூச்சும் இருக்குமே. ஒரு பக்கம் வெதுவெதுப்பான முகம், மறுபக்கம் அதைவிடக் குளிர்ந்த கடல், நடுவில் கண்ணாடி. மழைநாளில் பஸ் ஜன்னலுக்கு நேர்வதுதான் இதற்கும் நேர்கிறது. எச்சிலில் உள்ள புரதங்கள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும். ஈரம் துளித்துளியாகத் திரளாமல் மெல்லிய படலமாகப் பரவும். அதன் வழியே பார்வை போகும். புது மாஸ்க்கில் மட்டும் இது எடுபடாது. தொழிற்சாலையிலிருந்து ஒட்டிவந்த மெழுக்கை வெள்ளைப் பற்பசை போட்டுத் தேய்த்துக் கழற்றிய பிறகே எச்சிலுக்கு மரியாதை. நீர்க்கக் கரைத்த பேபி ஷாம்பூவும் இதே வேலையைச் செய்யும். ஆனால் ஷாம்பூவை அறையிலேயே மறந்துவிட்டு வரலாம். வாயை மறந்து வந்தவர் யாருமில்லை.

சிக்கல் நம் வளர்ப்பில் இருக்கிறது. சொம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கப் பழக்கப்பட்ட குலம் இது. எச்சில் கையால் ஊறுகாய் ஜாடியைத் தொட்டதற்காக ஒரு பகல் முழுக்கத் திட்டு வாங்கியவர்கள் நம்மில் உண்டு. அப்படிப்பட்டவரிடம் எட்டுப் பேர் முன்னிலையில் துப்பு, அதையும் விரலால் தடவு, பிறகு கண்ணுக்கு நேரே மாட்டிக்கொள் என்றால்? முன்னுதாரணம் ஒன்றுதான் கிடைக்கிறது. கண்ணப்ப நாயனார் வாய் நிறைய ஆற்றுநீர் கொண்டுபோய்க் காளத்தியப்பருக்கு அபிஷேகம் செய்தார், இறைவனும் ஏற்றுக்கொண்டார். ஆனால் அவர் வேட்டுவர். நம் போட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மென்பொருள் துறை.

களப்பணியின் முதல் கண்டுபிடிப்பு மொழி சார்ந்தது. அந்தமானில் பொதுமொழி இந்தி. டைவ் மாஸ்டர் வரிசையாக வந்து, "மாஸ்க் மே தூக்கோ" என்றார். கோயம்புத்தூரிலிருந்து முதல் தடவையாக டைவ் செய்ய வந்திருந்த ஐம்பது வயதுக்காரர், சொன்ன சொல் தட்டாமல், மாஸ்க்கை இரு கையாலும் தீபாராதனைத் தட்டுபோல் தலைக்கு மேலே தூக்கினார். "தூக்கோ, தூக்கோ" என்றார் டைவ் மாஸ்டர், குரலை உயர்த்தி. "தூக்கிட்டனுங்களே!" என்றார் அவர், இன்னும் அரை அடி உயர்த்தி. இந்தியில் அது துப்பு என்பதை நான் மொழிபெயர்த்தபோது அவர் முகம் போன போக்கை இந்திய ஒருமைப்பாட்டு ஆய்வாளர்கள் தனியே எழுத வேண்டும்.

இரண்டாவது கண்டுபிடிப்பு: டைவரின் தகுதியைச் சான்றிதழ் அட்டையால் அளப்பது வீண். அட்டை 18 மீட்டர், 30 மீட்டர் என்று ஆழத்தைத்தான் சொல்லும். துப்பும் விதம் ஆளைச் சொல்லும். பழம்புலி பேச்சை நிறுத்தாமல், பார்க்காமல், ஒரே தடவையில் இரண்டு பக்கக் கண்ணாடிக்கும் போதுமான அளவு துப்பி, கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றி முடித்துவிடும். புதியவர் திரும்பி உட்கார்ந்துகொண்டு, தும்முவதுபோல் பாவனை செய்து, "த்" என்று ஒலியை மட்டும் உண்டாக்குவார். இதில் நாணத்தைவிட உடலியலுக்கே பங்கு அதிகம். பயத்தில் வாய் உலரும். எச்சில் மிக அதிகம் தேவைப்படுகிற, பதற்றத்தில் மூக்கால் மூச்சுவிட்டுக் கண்ணாடியை மங்கவைக்கப் போகிற அதே ஆளுக்குத்தான் அது சுரப்பதில்லை. இயற்கையின் விநியோகமும் நம்மூர் ரேஷன் விநியோகமும் ஒரே அதிகாரியிடம் இருப்பதுபோல் தெரிகிறது.

தடவியதை அலச ஒரு பிளாஸ்டிக் வாளி. எல்லார் மாஸ்க்கும் அதில்தான். சமபந்தி போஜனத்தை ஊரில் எதிர்த்தவர்கூட இந்தச் சமபந்தியில் சத்தமில்லாமல் கலந்துகொள்கிறார். 2020இல் பெருந்தொற்று வந்தபோது டைவிங் உலகம் தன் எச்சிலைப் பார்த்துத் தானே பயந்து, பொது வாளி வேண்டாம் என்றது.

ஆய்வாளரும் மாதிரியில் அடக்கம் என்பதால் உண்மையைச் சொல்ல வேண்டும். நானும் முதல் டைவில் ஒலியோடு நிறுத்திக்கொண்டேன். ஐந்து மீட்டரிலேயே கண்ணாடிக்குள் மார்கழி. எல்லாரும் ஒரு திசையில் கைநீட்ட, அங்கே பச்சையாக, வட்டமாக, அசைகிற ஏதோ ஒன்று. ஆமை என்று மேலே வந்தபின் சொன்னார்கள். தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பது ஒளியியல். எனக்கு மூன்றில் ஒரு பங்கு பெரிய மங்கல் தெரிந்தது. கொஞ்சம் நீரை மாஸ்க்குக்குள் விட்டு அலசி, மூக்கால் ஊதி வெளியேற்றினால் தெளியும் என்று பயிற்சியில் சொல்லித்தந்திருந்தார்கள். நினைவு வந்தபோது ஆமை போய்விட்டது.

இரண்டாம் டைவுக்கு முன் வெட்கத்தை விட்டேன். இப்போது எச்சில் இல்லை. சிலிண்டரில் அடைக்கும் காற்றில் ஈரம் துளியும் இருக்காது. அரை மணிக்கு மேல் அதை வாயால் இழுத்ததில் நாக்கு அட்டையாகியிருந்தது. தண்ணீர் குடித்தேன். துப்பினால் தண்ணீர்தான் வந்தது. அது கணக்கில் சேராது.

கோயம்புத்தூர்க்காரர் என் தவிப்பைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையைத் துழாவி, புளிசாதத்துக்காக வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை ஊறுகாய்ப் பாக்கெட்டை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். "இதைப் பாருங்க தம்பி. நல்லாப் பாருங்க. எங்க வீட்ல போட்டதுங்க, போன சித்திரையில."

எனக்குக் கீழ்த்தாடை கூசியது. எதிரே இருந்த இருவர் அவசரமாகத் தங்கள் மாஸ்க்கைத் திருப்பினார்கள். பாக்கெட்டை அவர் பிரிக்கவே இல்லை.